பக்கம் 214

பொம்மனஹள்ளியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மூன்றாவது மாடி.
பக்கத்துக்குப் பதினாலு ரூபாய்,
சமன்பாடு இருந்தால் இருபத்திரண்டு.
இந்தப் புத்தகத்தில்
சமன்பாடு இல்லாதது முன்னுரை மட்டும்தான்.

பிடிஎஃபை மென்பொருளுக்குத் தின்னக் கொடுத்தால்
நாலு நிமிடத்தில் துப்பிவிடும்.
துப்பியதை அள்ளி
மறுபடி கணக்காக்குவது என் வேலை.

எக்ஸின் தோள்மேல் இருந்த இரண்டு
இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
யார் வீட்டுக் கதவு எண்ணோபோல.
வர்க்கமூலத்துக்குக் கூரை பறந்திருக்கும்.
உள்ளே இருந்தது எது, வெளியே நின்றது எது,
கேட்டால் சொல்ல ஆளில்லை.
தொகையீட்டுக் குறியை எஃப் என்று படிக்கும்.
முடிவிலியை எட்டு என்று.
எட்டோடு முடிந்துவிட்டதில்
அதற்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.
பின்னத்தின் நடுக்கோட்டை
அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும்.

எனக்கு இது புதிதில்லை.
ஓசூரிலிருந்து வந்த வீட்டு வரி ரசீதை
ஒருமுறை நகலெடுத்து ஒட்டினேன்.
கொம்பு ஒரு வீட்டில், கால் ஒரு வீட்டில்.
புள்ளிகள் உதிர்ந்து
மெய்யெல்லாம் அகரம் ஏறிக் கிடந்தன.
அப்பா பெயர் எபனேசர்.
எபேனசர என்று வந்தது.
அந்தப் பெயரில் எங்கள் வீட்டில்
யாரும் வரி கட்டியதில்லை.

இரவு பதினொன்றரை.
கீழே ஷட்டரை இழுத்துவிட்டார்கள்.

நான்காவது வரியில் கழித்தல் குறி இல்லை.
வழக்கம்போல மென்பொருளைத் திட்டினேன்.
பிறகு மூலத்தைப் பெரிதாக்கினேன்,
நானூறு சதவீதம்,
எண்ணூறு.
அங்கேயும் இல்லை.
பழைய தாளின் மணல் புள்ளிகள் மட்டும்.

மூன்றாவது வரியில் இருக்கிறது.
ஐந்தாவதில் திரும்ப வந்துவிடுகிறது,
நடுவில் எங்கே போயிருந்தது என்று சொல்லாமல்.

பி.எஸ்சி. கணிதம்
நாலாவது செமஸ்டரோடு நின்றவள் நான்.
சம்பளச் சீட்டின் பின்னால் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு முறை.
அது இல்லாமல் விடை வராது.

சுவரில் ஒட்டியிருக்கிறது:
உள்ளது உள்ளபடி. சொந்தமாய்த் திருத்தக் கூடாது.
போன வருடம் லோகேஷ்
ஒரு கமாவைத் திருத்தி அரைநாள் சம்பளம் இழந்தான்.
சரியான கமாதான் அது.

சைத்ராவிடம் காட்டினேன்.
குனிந்து பார்த்துவிட்டு
'நினக்யாக்கே' என்றாள்,
வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே.

முன்னுரைக்குத் திரும்பிப் போனேன்.
ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று.
நண்பர்கள் ஏழு பேருக்குப் பெயர் சொல்லி நன்றி,
மனைவிக்குப் பெயர் சொல்லி நன்றி,
கடைசி வரியில்
'பொறுமையாகத் தட்டச்சு செய்த பெண்ணுக்கும்.'

அந்த இயந்திரத்தில் தொகையீட்டுக் குறி ஏது.
கையால்தான் வரைந்திருப்பாள்,
நீள நீளமாய், மை காயக் காத்திருந்து.
அவளுக்கும் பக்கக் கணக்குதானா?
அன்றைக்கும் இப்படி
யாராவது விளக்கை அணைக்கச் சொன்னார்களா?
இல்லை, பேராசிரியரே விட்டதை
உள்ளது உள்ளபடி அடித்துக் கொடுத்தாளா,
தெரிந்தே?

வரியைக் கழித்தல் இல்லாமலே அடித்தேன்.
பின்சாய்கோடு, நெளி அடைப்பு, டாலர்,
எல்லாம் ஒழுங்காக.

இந்த எழுத்து முறையில் ஒரு சௌகரியம்:
சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதுவது
அச்சில் வராது.
கோப்பைத் திறக்கிறவர் கண்ணுக்கு மட்டும்.

% இங்கே ஒரு கழித்தல் விட்டுப்போயிருக்கிறது.
% அவள் தவறாக இருக்காது. — எ. கிருபாவதி

கொம்பு, கால், புள்ளி
எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று
ஒருமுறை படித்துக்கொண்டேன்.

சேமி.
பக்கம் 215.
முதல் வரியிலேயே ஒரு எஃப்.